ஞாயிறும் நீச்சல் தடாகமும்



யாழ்ப்பாணத்து வீடுகளிலே கைக்குழந்தையை நீராட்டுவதற்கு முன்னர், கிணற்று நீரை அகன்ற பாத்திரமொன்றில் வார்த்து முற்றத்து வெயிலில் வைப்பது நெடுங்கால வழக்கம். காலையில் வைத்த நீர் உச்சிப்பொழுதுக்குள் இளஞ்சூடு பெற்றுவிடும். விறகுச் செலவில்லை; புகையுமில்லை. இவ்வழக்கத்தைக் கைக்கொண்ட தாய்மாருக்குப் பௌதிக நூலைத் திறந்து பார்க்கவேண்டிய தேவை இருக்கவில்லை. வாயகன்ற பாத்திரத்து நீர் விரைந்து சூடேறும் என்பதையும், காற்று வீசும் இடத்தில் அச்சூடு தங்காது என்பதையும் அவர்கள் கண்டறிந்திருந்தனர். வெயிலின் வெப்பத்தை ஏற்பது ஒன்று. ஏற்ற வெப்பத்தைக் காப்பது மற்றொன்று. இவ்விரண்டு செயல்களையும் பற்றியதே இன்றைய பேச்சு. ஆனால் இன்று நாம் எடுத்துக்கொள்வது ஒரு பாத்திரத்து நீரன்று. இருபத்தையாயிரம் இலீற்றர் நீர்.

கனடா நாட்டின் ஒன்ராறியோ மாகாணத்திலே, ரொறன்ரோ நகரிலும், அதன் அயலிலுள்ள மார்க்கம், பிரம்டன் முதலிய இடங்களிலும் நம்மவர் பல்லாயிரவர் குடியேறி வாழ்கின்றனர். அங்குள்ள வீடுகள் பலவற்றின் பின்வளவிலே நீச்சல் தடாகங்களைக் காணலாம். அவற்றுள் ஒருவகை நிலத்தைத் தோண்டி அமைப்பது. அதற்குச் செலவு மிகுதி. மற்றொருவகை நிலத்தின் மேலேயே நிற்பது. உலோகத் தகட்டினால் வட்டமான சுவரொன்றை நிறுத்தி, அதனுள்ளே வினைல் விரிப்பை இட்டு, நீரை நிரப்பிவிட்டால் தடாகம் ஆயத்தமாகிவிடும். நடுத்தர வருவாயுள்ள குடும்பத்துக்கு எட்டக்கூடியது இதுவே. நமது நேயர்களுட் பலர் கோடைகாலத்தில் மக்கள் வீட்டுக்குச் சென்று பேரப்பிள்ளைகளோடு தங்கிவருபவர்கள். ஆதலின் இந்தத் தடாகம் அவர்களுக்குப் புதிய பொருளாக இராது.

இத்தடாகத்தைப் பற்றி அங்குள்ளோர் கூறும் குறை ஒன்று உண்டு. நீர் குளிர்கிறது என்பதே அக்குறை. நீந்துவோருக்கு 26 முதல் 28 பாகை செல்சியசு வரையிலான நீர் இதமானது. குழந்தைகளும் முதியோரும் அதனினும் சற்றுச் சூடான நீரை விரும்புவர். ஆனால் யூன் மாதத் தொடக்கத்தில், வெயில் நன்றாக எறிக்கும் நாள்களிலும், ரொறன்ரோவின் தடாகத்து நீர் 20 பாகையளவில் நிற்பது புதுமையன்று. யூலையும் ஓகஸ்றும் கழிந்தால் மீண்டும் குளிர் தொடங்கிவிடும். பெரும் பணம் செலவிட்டு அமைத்த தடாகத்தை ஆண்டில் எட்டு அல்லது பத்துக் கிழமைகளே நன்கு பயன்படுத்த முடிகிறது. இக்காலத்தை முன்னும் பின்னும் நீட்டுவதற்காகச் சிலர் எரிவாயுவால் நீரைச் சூடாக்குகின்றனர். அவ்வழி விரைவானது; ஆனால் மாத முடிவில் வரும் கட்டணப் பட்டியல் கனதியானது. அந்த வேலையை ஞாயிற்றிடம் ஒப்படைக்கலாகாதா என்பதே நமது கேள்வி.

ரொறன்ரோவில் அதற்குப் போதிய வெயில் உண்டா என்று நேயர்கள் ஐயுறலாம். யூன் மாத இறுதியில் யாழ்ப்பாணத்தில் பகற்பொழுது ஏறக்குறையப் பன்னிரண்டரை மணித்தியாலம். ரொறன்ரோவிலோ பதினைந்து மணித்தியாலத்துக்கும் மேல். அங்கே நண்பகலில் ஞாயிறு அடிவானிலிருந்து ஏறத்தாழ 70 பாகை உயரத்தில் நிற்கும். சராசரியான கோடை நாளொன்றில் ஒரு சதுர மீற்றர் நிலத்தின்மீது விழும் ஞாயிற்றுச் சத்தி ஏறக்குறைய 6 மின் அலகுக்குச் சமமானது. ஆகவே அந்நாட்டுக் கோடையில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. பகலில் வந்த வெப்பம் குளிர்ந்த இரவில் போய்விடுவதே அங்குள்ள இடர்.

ஞாயிற்றின் வெப்பத்தைப் பிடித்து வேலை வாங்கும் முயற்சி இன்று நேற்றுத் தோன்றியதன்று. சுவிற்சர்லாந்து அறிஞராகிய தெ சோசியூர் என்பவர் 1767ஆம் ஆண்டில் கண்ணாடி மூடிகள் பொருத்திய பெட்டியொன்றை வெயிலில் வைத்து, உள்ளே வெப்பநிலை எவ்வளவு உயருமென்று ஆராய்ந்தார். அமெரிக்காவின் பால்ரிமோர் நகரத்துக் கிளாரன்ஸ் கெம்ப் என்பவர் 1891ஆம் ஆண்டில், குளிப்பதற்கு வெந்நீர் தரும் சூரிய வெப்பமாக்கி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். 1909ஆம் ஆண்டிலே கலிபோர்னியாவில் வில்லியம் பெய்லி என்பவர், வெப்பத்தை ஏற்கும் பகுதியையும் வெந்நீரைச் சேமித்து வைக்கும் தாங்கியையும் வேறுபிரித்து, பகலில் ஏற்ற சூடு இரவிலும் நிலைக்கும்படி செய்தார். 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின்னர் இத்துறையில் ஊக்கம் மிகுந்தது. அமெரிக்கச் சனாதிபதி காட்டர் 1979ஆம் ஆண்டில் வெள்ளை மாளிகையின் கூரையில் 32 சூரிய வெப்பத் தட்டுகளை நிறுவச் செய்தார். 1986ஆம் ஆண்டில் அவை கழற்றப்பட்டன. ஆயினும் 2003ஆம் ஆண்டளவில் அதே வளவிலே மீண்டும் சூரிய அமைப்புகள் இடம்பெற்றன. அவற்றுள் ஒன்று அம்மாளிகையின் நீச்சல் தடாகத்தைச் சூடாக்குவதற்கானது.

வரலாறு நிற்க. நாம் ஒரு தடாகத்தை அளந்து பார்ப்போம். பதினெட்டு அடி விட்டமுள்ள வட்டத் தடாகம் ஒன்று. அதில் மூன்றரை அடி ஆழத்துக்கு நீர் நிற்கிறது. அந்நீர் ஏறக்குறைய 25,000 இலீற்றர். நீரின் மேற்பரப்பு 254 சதுர அடி. மீற்றர்க் கணக்கில் 24 சதுர மீற்றருக்குச் சற்றுக் குறைவு. இந்நீர் முழுவதையும் ஒரேயொரு பாகை சூடாக்குவதற்கு ஏறத்தாழ 29 மின் அலகுக்குச் சமமான வெப்பம் வேண்டும். இக்கணக்கை நினைவில் வைத்துக்கொள்வோம்.

இனி, தடாகம் தன் வெப்பத்தை எவ்வழியால் இழக்கிறது? தகட்டுச் சுவர் வழியே என்று பலர் எண்ணுவர். நிலத்துக்கு மேல் நிற்கும் தடாகத்தின் சுவர் காற்றிலே வெளிப்பட்டு நிற்பதால் அவ்வழியே ஓரளவு வெப்பம் போவது உண்மையே. ஆனால் பெரிய களவு நடப்பது மேலேதான். திறந்த வெளியிலுள்ள தடாகம் இழக்கும் வெப்பத்தில் ஏறக்குறைய 70 வீதம், நீர் ஆவியாவதால் இழக்கப்படுவது. நம் வீட்டு மண்பானையை எண்ணிப் பாருங்கள். பானையின் மேனியில் நுண்ணிய துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகும்போது, அதற்கு வேண்டிய வெப்பத்தை உள்ளேயுள்ள நீரிலிருந்து எடுத்துக்கொண்டு செல்கிறது. எஞ்சிய நீர் குளிர்கிறது. பானையில் நாம் வேண்டி விரும்பும் அதே செயல், தடாகத்தில் நமக்குப் பகையாகி நிற்கிறது.

இப்பகையின் வலிமை எவ்வளவு? ஒரு இலீற்றர் நீர் ஆவியாகும்போது எடுத்துச் செல்லும் வெப்பம், 580 இலீற்றர் நீரை ஒரு பாகை குளிர்விக்கப் போதுமானது. நமது தடாகத்தின் நீர்மட்டம் ஒரு மில்லிமீற்றர் தாழ்ந்தால், தடாகம் முழுவதும் அரைப் பாகைக்குச் சற்று மேலாகக் குளிர்ந்துவிடும். காற்று வீசும் வறண்ட நாளொன்றில் நீர்மட்டம் நான்கு மில்லிமீற்றர் தாழ்வது அருமையன்று. அவ்வாறாயின் இரண்டு பாகைக்கு மேற்பட்ட வெப்பம் யாரும் காணாமலே போய்விட்டது. நீர் குறைந்ததை வீட்டுக்காரர் காண்பார். குழாயைத் திறந்து நிரப்பிவிடுவார். நிரப்பும் நீரும் குளிர்ந்த நீர் என்பதனால் இழப்பு இன்னும் சற்று மிகும்.

ஆதலின், சூரிய வெப்பத்தைத் தேட விரும்புவோர் முதலில் வாங்கவேண்டியது வெப்பம் பிடிக்கும் கருவியன்று. நீரின் மேலே மிதக்கும் போர்வையே. காற்றுக் குமிழ்கள் நிறைந்த மெல்லிய பிளாஸ்ரிக் விரிப்பு அது. குமிழ்ப்பக்கம் நீரைத் தொடும்படி பரப்பி, தடாகத்தின் வடிவத்துக்கு ஏற்பக் கத்தரியால் வெட்டிக்கொள்ளலாம். அது மிதக்கும்போது ஆவியாதல் பெரும்பாலும் நின்றுவிடுகிறது. ஒளி ஊடுருவக்கூடிய போர்வையாயின், பகலில் வெயில் அதன் வழியே புகுந்து நீரைச் சூடாக்கவும் செய்யும். கருநிறப் போர்வை வெப்பத்தைத் தன் மேனியிலேயே பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். ஆகவே இவ்வேலைக்கு ஒளி ஊடுருவுவதே மேலானது. இரவில் போர்வை இன்றியமையாதது. நீரிலிருந்து எடுத்துச் சுருட்டி வைக்கும்போது அதனை நிழலில் வைக்கவேண்டும். சுருளாக வெயிலிற் கிடந்தால் உள்ளே வெப்பம் மிகுந்து குமிழ்கள் உருகிக் கெட்டுவிடும்.

போர்வைக்கு அடுத்தது காற்றுத் தடுப்பு. நீரின்மேல் வீசும் காற்று, ஆவியை உடனுக்குடன் அள்ளிச்சென்று புதிய ஆவிக்கு இடம்செய்கிறது. காற்று வரும் திசையில் ஒரு மரவேலியோ செறிந்த செடிவரிசையோ இருப்பின் பெரிதும் பயன்படும். ஆனால் அதன் நிழல் நீரில் விழாதபடி பார்த்துக்கொள்ளவேண்டும்.

இவ்விரண்டும் முடிந்த பின்னரே வெப்பத்தைப் பிடிக்கும் கருவியைப் பற்றி எண்ணவேண்டும். தடாகங்களுக்கென்று செய்யப்படும் கருவி மிக எளியது. கரிய நிறமுள்ள பொலிப்புரொப்பிலீன் என்னும் பிளாஸ்ரிக்கினால், அல்லது வெயிலைத் தாங்கும் செயற்கை இறப்பரினால் ஆன நுண்குழாய்கள் பல, நெருக்கமாக அடுக்கப்பட்டு ஒரு பாய் போலக் கிடக்கும். அதன் இரு முனைகளிலும் தடித்த தலைக்குழாய் ஒவ்வொன்று உண்டு. தடாகத்து நீர் ஒரு தலைக்குழாயிற் புகுந்து, நுண்குழாய்கள் எல்லாவற்றிலும் பிரிந்து ஓடி, மறு தலைக்குழாயில் ஒன்றுசேர்ந்து தடாகத்துக்கு மீளும். இதனைச் சூரியப் பாய் என்றே அழைப்போம்.

இப்பாயின்மேல் கண்ணாடி இல்லை. குளியலறைக்கு வெந்நீர் தரும் சூரியத் தட்டுகளின்மேல் கண்ணாடி இருப்பதை நேயர்கள் கண்டிருப்பீர்கள். தடாகத்துக்கு மட்டும் ஏன் வேண்டாம்? குளியலறைக்கு 55, 60 பாகைச் சூடு வேண்டும். அத்தகைய தட்டு, சூழவுள்ள காற்றைவிட மிக வெப்பமாக இருப்பதால் வெப்பத்தைக் காற்றிடம் விரைந்து இழக்கும். அதனைத் தடுக்கக் கண்ணாடி வேண்டும். தடாகத்துக்கோ 28 பாகை போதும். பாயின் வெப்பநிலைக்கும் கோடைக் காற்றின் வெப்பநிலைக்கும் இடையே வேறுபாடு சிறிது. ஆதலின் இழப்பும் சிறிது. கண்ணாடி இருந்தால் அது வெயிலில் ஒரு பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். செலவும் பாரமும் மிகும். குறைந்த சூடே வேண்டப்படும் இடத்தில் எளிய கருவியே சிறந்த கருவியாகிவிடுகிறது.

பாயின் பரப்பு எவ்வளவு இருக்கவேண்டும்? நீரின் மேற்பரப்பில் பாதிக்குக் குறையாமல் இருத்தல் வேண்டும்; குளிர்நாடுகளில் முக்காற்பங்கும் அதற்கு மேலும் இருப்பது நன்று. நாலடி அகலமும் இருபதடி நீளமும் உள்ள பாய்கள் கடைகளில் விற்கப்படுகின்றன. அத்தகைய இரண்டு பாய்கள் 160 சதுர அடி. ஏறக்குறைய 15 சதுர மீற்றர். நல்ல கோடை நாளொன்றில் அவை 50 அலகளவு வெப்பத்தை நீருக்குச் சேர்க்கும். நாம் முன்னர் கண்ட கணக்கின்படி, அது தடாகத்தை ஒன்றரைப் பாகைக்கு மேல் உயர்த்தப் போதுமானது. அதே வெப்பத்தை எரிவாயுவாற் பெறுவதானால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 6 கன மீற்றர் வாயுவை எரிக்கவேண்டும். 11 கிலோகிராமளவு காபனீரொட்சைட்டு வானிற் கலக்கும். ஆனால் போர்வையில்லாத தடாகம் ஒரு நாளில் இரண்டு பாகைக்கு மேல் இழக்கக்கூடும் என்று சற்றுமுன் கூறினேன் அல்லவா? இரு பாய்களும் பகல் முழுதும் உழைத்துச் சேர்த்ததைவிட அது மிகுதி. போர்வையின்றிப் பாயை மட்டும் நிறுவுவது ஓட்டைக் குடத்தில் நீர் மொள்வது போன்றது.

பாய்க்குப் பதிலாகக் கரிய தோட்டக்குழாயைச் சுருளாகச் சுற்றிக் கூரையில் வைத்தால் போதாதா என்று சிலர் முயல்வதுண்டு. முயற்சி பாராட்டத்தக்கதே, ஆனால் கணக்கு இடந்தரவில்லை. ஓர் அங்குலத் தடிப்புள்ள குழாயை 100 மீற்றர் நீளத்துக்குச் சுற்றினாலும், அது வெயிலுக்குக் காட்டும் பரப்பு இரண்டரைச் சதுர மீற்றரே. நமக்கு வேண்டிய பரப்பில் அது ஆறிலொரு பங்கு. மேலும், நீண்ட ஒற்றைக் குழாயில் நீரைத் தள்ளுவதற்குப் பம்பி மிகவும் இடர்ப்படும். பாயிலே நீர் நூற்றுக்கணக்கான சிறுவழிகளில் ஒரே வேளையில் ஓடுவதால் அவ்விடர் இல்லை.

இனி, பாயை நிறுவியோர் பலரையும் மயங்கச் செய்யும் ஒரு செய்தியைக் கூறவேண்டும். பாயிலிருந்து தடாகத்துக்கு மீளும் நீரில் கையை வைத்துப் பார்த்தால், அது சூடாகவே தோன்றாது. உடனே, கருவி பழுது என்று முறைப்பாடு செய்வர். அல்லது வால்வைத் திருகி நீரோட்டத்தை மெதுவாக்குவர். அப்போது வெளிவரும் நீர் கையைச் சுடும், மனம் மகிழும். ஆனால் தடாகம் முன்னரிலும் மெதுவாகவே சூடேறும். இதன் காரணம் யாது? நண்பகலில் நிமிடத்துக்கு 60 இலீற்றர் நீர் நமது இரு பாய்களிலும் ஓடினால், அது இரண்டரைப் பாகையளவே சூடேறி மீளும். பாயும் குளிர்ந்தே இருக்கும். ஆதலால் பிடித்த வெப்பம் ஏறக்குறைய முழுவதும் நீரோடு செல்லும். ஓட்டத்தைப் பத்திலொரு பங்காகக் குறைத்தால் மீளும் நீர் இருபது பாகைக்கும் மேலாகச் சூடேறக்கூடும். ஆனால் பாயின் மேனியும் கொதித்து, வெப்பத்தைக் காற்றுக்கு வாரி வழங்கும். நீர் சூடாகத் தோன்றினும் தடாகம் பெறும் மொத்த வெப்பம் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு குறைந்துவிடும். ஆகவே கையை நம்பாது வெப்பமானியை நம்பவேண்டும். நாள்தோறும் காலையில் ஒரே நேரத்தில் தடாகத்தின் வெப்பநிலையைக் குறித்து வருவதே நேர்மையான சோதனை.

பாயை எங்கே வைப்பது? வடகோளத்தில் தெற்கு நோக்கிய சரிவே சிறந்தது. ரொறன்ரோ 44 பாகை வட அகலக்கோட்டுக்கு அண்மையில் இருப்பதால், கோடைக்கு 25 முதல் 30 பாகை வரையிலான சரிவு பொருந்தும். வளவில் மரச்சட்டம் அமைத்து அதன்மேற் பரப்பலாம். கொட்டிலின் கூரையிலும் வைக்கலாம். வீட்டின் உயர்ந்த கூரையில் வைக்க விரும்புவோர், முதலில் தம் பம்பியின் வலுவை அறிதல் வேண்டும்; நிலத்துக்கு மேலுள்ள தடாகங்களோடு வரும் பம்பிகள் பல, நீரை அவ்வளவு உயரத்துக்கு ஏற்ற வல்லவையல்ல. கோடையில் அங்கே கடிகாரத்தை ஒரு மணித்தியாலம் முன்னே வைப்பதால், ஞாயிறு உச்சிக்கு வருவது பிற்பகல் 1.20 மணியளவிலாகும். அதற்கு முன்னும் பின்னும் மூன்று மணித்தியாலங்கள் மரநிழல் விழாத இடமே தக்க இடம்.

குழாய்களை இணைக்கும் முறைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. தடாகத்திலிருந்து வரும் நீர் முதலில் பம்பிக்கும், அதன்பின் வடிகட்டிக்கும், அதன்பின் பாய்க்கும் சென்று தடாகத்துக்கு மீளவேண்டும். வடிகட்டிக்கு முன் பாயை வைத்தால் நுண்குழாய்களை அழுக்கு அடைத்துவிடும். குளோரீன் ஊட்டும் கருவி இருப்பின் அது பாய்க்குப் பின்னரே அமையவேண்டும்; செறிந்த குளோரீன் பாயை அரித்துவிடும். வடிகட்டிக்கும் பாய்க்கும் இடையே மும்முனை வால்வு ஒன்றை வைத்தால், வேண்டியபோது நீரைப் பாய்க்கு அனுப்பவும், வேண்டாதபோது நேரே தடாகத்துக்கு அனுப்பவும் இயலும். பாயிலே நீர் கீழ்முனையிற் புகுந்து, எதிர்மூலையிலுள்ள மேல்முனையால் வெளிவரவேண்டும். அப்போதுதான் உள்ளிருக்கும் காற்று முற்றாக வெளியேறும், எல்லா நுண்குழாய்களிலும் நீர் ஓடும்.

நிலத்துக்கு மேலுள்ள தடாகத்துக்கே உரிய ஓர் எச்சரிக்கையும் உண்டு. பாய் தடாகத்தின் நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால், பாயில் ஏற்படும் சிறு வெடிப்பும் தடாகத்து நீரை இரவோடிரவாக வெளியேற்றிவிடக்கூடும். ஆகவே போகும் குழாயிலும் மீளும் குழாயிலும் அடைக்கும் வால்வுகள் இருத்தல் வேண்டும். ஆனால் இரண்டையும் ஒருசேர அடைத்து, உள்ளே நீரைச் சிறைவைத்து வெயிலில் விடலாகாது; அந்நீர் சூடேறி விரிந்து பாயைச் சேதமாக்கும். பாய் கூரையிலிருப்பின் நிலைமை வேறு. பம்பி நின்றதும் நீர் கீழிறங்கும். அப்போது வெற்றிடம் உண்டாகிப் பாய் நசுங்காதபடி காற்றை உள்ளே விடும் சிறு வால்வு ஒன்று மேலே வேண்டும். பம்பி தொடங்கும்போது தடாகத்தில் சில குமிழ்கள் வருவது இயல்பு. நாள் முழுதும் குமிழ்கள் வந்தால், எங்கோ ஓரிடத்தில் காற்றுப் புகுகிறது என்று அறியலாம்.

இரவிலும் மழைநாளிலும் என்ன செய்வது? அவ்வேளைகளில் நீரைப் பாய்க்கு அனுப்பலாகாது. பகலில் வெப்பத்தை வாங்கிய அதே பாய், இரவில் அதனைக் குளிர்ந்த வானத்துக்குத் திருப்பிக் கொடுத்துவிடும். வெப்பம் மிகுந்த பாலைநிலப் பகுதிகளில் தடாகம் அளவுக்கு மிஞ்சிச் சூடேறும்போது, அதனைக் குளிர்விக்க இவ்வழியையே கையாளுகின்றனர்! வீட்டில் எப்பொழுதும் ஒருவர் இருப்பின் வால்வைக் கையாற் திருப்பலாம். அல்லாதவிடத்து, பாயிலும் நீரிலும் ஒவ்வோர் உணரியை வைத்து, பாய் நீரைவிடச் சில பாகை மிகுந்து சூடேறியபோது மட்டும் வால்வைத் திறக்கும் தன்னியக்கக் கருவியைப் பொருத்தலாம். பம்பி எப்படியும் நீரை வடிகட்டுவதற்காக நாள்தோறும் சில மணித்தியாலம் ஓடவேண்டியதே. அந்நேரத்தை இரவிலிருந்து வெயில் நேரத்துக்கு மாற்றிவிட்டால் மேலதிக மின்செலவு சிறிதே.

நீர் சூடேறும்போது பாசியும் கிருமியும் பெருகும். குளோரீனும் விரைவிற் செலவாகும். ஆகவே குளோரீன் அளவை முன்னரிலும் அடிக்கடி சோதித்தல் வேண்டும். பீ. எச். பெறுமானம் 7.2க்கும் 7.8க்கும் இடையே இருக்கட்டும். குளோரீனை மிகுதியாக இட்ட நாளில், அதன் செறிவு தணியும்வரை போர்வையை விரிக்கவேண்டாம். கோடை முடிந்து உறைபனி தொடங்குமுன் பாயிலுள்ள நீரை ஒரு துளியும் தங்காமல் வடித்துவிடவேண்டும். நீர் பனிக்கட்டியாகும்போது ஏறக்குறைய ஒன்பது வீதம் விரியும். எந்தப் பிளாஸ்ரிக் குழாயும் அந்த விரிவை ஆண்டுதோறும் தாங்காது.

இதுவரை கூறியவை பணத்தையும் இதத்தையும் பற்றியன. இனிக் கூறப்போவது உயிரைப் பற்றியது. நீரின்மேல் மிதக்கும் குமிழ்ப் போர்வை ஒரு பாதுகாப்பு மூடியன்று. அது தளம்போலத் தோன்றும். ஆனால் ஒரு குழந்தையின் பாரத்தையும் தாங்காது. அதன்மேல் அடிவைத்த குழந்தை நீரினுள் வீழ்ந்தால், போர்வை மீண்டும் மேலே மூடிக்கொள்ளும்; கரையிலிருப்போருக்கு ஒன்றும் தெரியாது. ஆகவே ஒருவரேனும் நீரில் இறங்குமுன் போர்வையை முழுவதும் அகற்றிவிடவேண்டும். பாதி அகற்றுவது முற்றிலும் அகற்றாததைவிடத் தீது. பாய்க்காக அமைக்கும் சட்டமும், பம்பியும், குழாய்களும் தடாகத்துச் சுவரையோ வேலியையோ ஒட்டி நிற்கலாகாது. பெரியவர்களுக்கு அவை கருவிகள்; மூன்று வயதுக் குழந்தைக்கு அவை ஏணிப்படிகள். ஏணியை எடுத்துவிட்டோம், வாயிலைப் பூட்டிவிட்டோம் என்று வீட்டார் நிம்மதியாக இருக்க, குழந்தை அந்தச் சட்டத்தின்மேல் ஏறிச் சுவரைக் கடந்துவிடலாம். தடாகத்தைச் சுற்றி வேலி அமைப்பதை ஒன்ராறியோவின் நகரசபை விதிகள் கட்டாயமாக்கியுள்ளன. விதி இருந்தாலும் கண்காணிக்கும் கண்ணுக்கு அது ஈடாகாது. மேலும், ஓட்டமின்றி வெயிலிற் கிடந்த பாயினுள்ளும் கரிய குழாயினுள்ளும் உள்ள நீர் கடுஞ்சூடு கொண்டிருக்கும். அதனைத் திறந்தவுடன் குழந்தைகளைப் பக்கத்தில் விடலாகாது.

நேயர்களே, கூறியவற்றைத் தொகுத்து நோக்குவோம். தடாகத்தைச் சூடாக்க விரும்பும் குடும்பம் முதலில் போர்வைக்கும், அடுத்துக் காற்றுத் தடுப்புக்கும், அதன்பின் சூரியப் பாய்க்கும் பணம் ஒதுக்குக. போர்வை மட்டுமே வாங்க இயலுமாயின் அதுவும் பெரும்பயன் தரும். பாய் மட்டும் வாங்கிப் போர்வையை விட்டுவிட்டால் பயன் சிறிதாகும். பாயை வாங்குவோர் பரப்பில் சிக்கனம் செய்யாதிருப்பாராக, நீரோட்டத்தைக் குறைக்காதிருப்பாராக. கடையில் பொருளை எடுக்குமுன் தம் தடாகத்தின் விட்டத்தையும் ஆழத்தையும் அளந்து, இங்கு கூறிய கணக்கைத் தாமே ஒருமுறை போட்டுப் பார்ப்பாராக. உங்கள் மக்களோ மருமக்களோ அந்நாட்டிலிருந்து தொலைபேசியில் அழைத்து, வரும் கோடைக்குத் தடாகத்தைச் சூடாக்கும் கருவி வாங்கப்போவதாகச் சொன்னால், நீங்கள் கேட்கவேண்டிய கேள்விகள் இரண்டே. நீர்மேற் போர்வை வாங்கிவிட்டீர்களா? அந்தச் சட்டம் சுவரிலிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்கப்போகிறது?